மைனஸ் 474 சென்டிமீட்டர்

அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. கீழே சம்பிலிருந்து மோட்டார் போட்டு அதை நிரப்ப வேண்டும். மோட்டாரைப் போட்டவர் மறந்துவிட்டால் தண்ணீர் வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரை நனைக்கும். போடவே மறந்துவிட்டால் காலையில் குழாயைத் திறந்ததும் காற்றுதான் வரும். தொட்டியின் நீர்மட்டம் சமையலறையில் எண்ணாகத் தெரிந்தால் இந்தத் தொல்லை தீருமே என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் கேட்டான். ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையும், எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி தூர சென்சாரும் வாங்கினோம்.

மேசைமேல் வைத்துச் சோதித்தபோது அது அற்புதமாக வேலை செய்தது. சுவருக்கு நேரே வைத்து அடிக்கோலால் அளந்தோம். கோல் காட்டியதும் கணினித் திரை காட்டியதும் ஒன்றாகவே இருந்தன. அன்று மாலையே தொட்டி மூடியில் இரண்டு துளை போட்டு, சென்சாரைத் தண்ணீரைப் பார்த்துக் கவிழ்த்துப் பொருத்தினோம். ஒரு வாரத்துக்குள் திரையில் வந்த எண்கள் இவை:

82, 82, 83, 82, 73, 82, 0, 82, −474, 82.

"மாமா, சென்சார் போயிடுச்சு. நூறு ரூபாகூட இல்ல, வேற ஒண்ணு வாங்கிடலாம்" என்றான்.

மைக்ரோகன்ட்ரோலர் பலகையைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். புது சென்சார் வாங்குகிறார்கள், அதுவும் அப்படியே பிதற்றுகிறது, பெட்டியை மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் அந்தப் பத்து எண்களில் ஒன்றுகூட வீணானதல்ல. 73, 0, −474 ஆகிய மூன்றும் மூன்று வேறு கோளாறுகளின் அடையாளம். எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், பழுது இருக்கும் இடத்தை எண்ணே காட்டிக்கொடுக்கும்.

அதற்கு முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தூர சென்சார் என்று நாம் அழைக்கும் இந்தக் கருவி தூரத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது நேரத்தை. முகப்பில் இரண்டு கண்கள்போலத் தெரியும் உருளைகளில் ஒன்று வாய், மற்றது காது. ட்ரிக் என்ற முனைக்குப் பலகை 10 மைக்ரோசெகண்ட் நீளத்துக்கு ஒரு மின்துடிப்பு கொடுத்ததும், வாய் 40,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எட்டு அலைகளை வீசுகிறது. மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ் என்பதால் நமக்கு எதுவும் கேட்காது. அலைகள் போனதும் எக்கோ என்ற முனையில் மின்னழுத்தம் ஏறுகிறது. எதிரொலி காதுக்கு வந்து சேர்ந்ததும் இறங்கிவிடுகிறது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் இடையிலான நேரம் மட்டும்தான் சென்சார் சொல்லும் சேதி. அதை 58-ஆல் வகுத்து சென்டிமீட்டர் ஆக்குவது நாம் எழுதும் நிரல். ஒலி ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப 58 மைக்ரோசெகண்ட் ஆகும் என்பது அந்த வகுத்தலுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

ஆக, திரையில் தெரியும் எண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று, எதிரொலி, கம்பி, பலகை, நிரல் என்று பல கைகள் இருக்கின்றன. எந்தக் கை நழுவினாலும் எண் மாறும்.

மைனஸ் 474-ஐ முதலில் எடுத்துக்கொண்டோம். தூரம் எப்படி எதிர்மறையாகும்? இயற்கையில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே இது தொட்டியிலோ கம்பியிலோ பிறந்த எண்ணாக இருக்க முடியாது, நிரலுக்குள்தான் பிறந்திருக்க வேண்டும். பையனின் நிரலைப் பார்த்தேன். நேரத்தைச் சேமிக்க 'இன்ட்' வகை மாறியைப் போட்டிருந்தான். ஊனோ பலகையில் இன்ட் என்பது 16 பிட் பெட்டி. அதில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. எதிரொலி திரும்பாமலே போனால் இந்த வகை சென்சார் சுமார் 38 மில்லிசெகண்ட், அதாவது 38,000 மைக்ரோசெகண்ட் காத்திருந்துவிட்டு எக்கோ முனையை இறக்குகிறது. 38,000 அந்தப் பெட்டியில் அடங்காது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் சுழன்று பூஜ்ஜியத்துக்கு வருவதுபோல, இதுவும் சுழன்று எதிர்மறைப் பக்கம் விழுகிறது. 38,000-இலிருந்து 65,536-ஐக் கழித்தால் −27,536. அதை 58-ஆல் வகுத்தால் −474.

தாளில் கணக்குப் போட்டு அந்த எண் வந்து நின்றபோது பையனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சென்சார் உளறவில்லை, "எனக்கு எதுவும் கேட்கவில்லை" என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. நாம்தான் அந்தப் பதிலைச் சின்னப் பெட்டியில் திணித்துக் கெடுத்திருக்கிறோம். மாறியை 'அன்சைன்ட் லாங்' என்று மாற்றியதும் −474 மறைந்து, அதன் இடத்தில் 655 வந்தது. 38,000-ஐ 58-ஆல் வகுத்த ஈவு அது. நான்கு மீட்டருக்குமேல் இந்த சென்சாரால் அளக்க முடியாது. தொட்டியின் ஆழமோ ஒன்றேகால் மீட்டர்கூட இல்லை. எனவே 655 வந்தால் 'பதில் இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கும்படி நிரலில் எழுதினோம்.

அடுத்தது பூஜ்ஜியம். இதுதான் மிக ஆபத்தான எண். தண்ணீர் சென்சாரைத் தொட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் கொண்டால், தொட்டி நிரம்பிவிட்டதாக நினைத்து மோட்டாரை நிறுத்திவிடுவோம். ஆனால் எக்கோ முனையின் நேரத்தை அளக்க ஆர்டுயினோவில் உள்ள 'பல்ஸ்இன்' கட்டளையின் வழக்கமே வேறு. அது துடிப்பு வருமா என்று காத்திருக்கும். நாம் கெடு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு முழு நொடி காத்திருக்கும். ஒன்றும் வரவில்லையென்றால் பூஜ்ஜியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த இடத்தில் பூஜ்ஜியம் தூரம் அல்ல, துடிப்பே வரவில்லை என்ற தகவல்.

"எண்ணைப் பார்க்காதே, அது வரும் வேகத்தைப் பார்" என்று பையனிடம் சொன்னேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 82-கள் கடகடவென்று ஓடின. பிறகு எல்லாம் நின்றது. ஒரு நொடி கழித்து 0 வந்தது. மறுபடி ஓட்டம். அந்த ஒரு நொடி நிறுத்தம்தான் சாட்சி. எதிரொலி திரும்பாதபோது சென்சார் 655 என்றாவது பதில் சொல்கிறது. இப்போது அது வாயே திறக்கவில்லை. ஒன்று அதற்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது ட்ரிக், எக்கோ கம்பிகளில் ஏதோ ஒன்று விட்டுவிட்டுத் தொடுகிறது.

மாடிக்குப் போய் மூடியைத் திறந்தோம். நான்கு ஜம்பர் கம்பிகளையும் ஒவ்வொன்றாக விரல் நுனியால் லேசாக அசைத்துப் பார்த்தோம். மின்சாரம் கொண்டுவரும் விசிசி, கிரவுண்ட், பிறகு ட்ரிக் மூன்றுக்கும் எந்த மாற்றமும் இல்லை. எக்கோ கம்பியைத் தொட்டதும் கீழேயிருந்து அக்கா, "நின்னுடுச்சு, நின்னுடுச்சு!" என்று குரல் கொடுத்தாள். கம்பியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த உலோகத்தில் பச்சை பூத்திருந்தது. மூடியில் பொருத்தி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வெயிலில் தொட்டிக்குள் எழும் நீராவி இரவில் மூடியின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படிகிறது. ஜம்பர் கம்பி மேசைக்காகச் செய்யப்பட்டது, ஈரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. நான்கு இணைப்புகளையும் சால்டர் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்கி இறுக்கினோம். சென்சாரின் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் வைத்தோம். எட்டு அலைகளை வீசும் கணத்தில் சென்சார் திடீரென்று மின்னோட்டத்தை இழுக்கும். பக்கத்திலேயே கொஞ்சம் சேமிப்பு இருந்தால் மின்னழுத்தம் தள்ளாடாது.

சமையலறைக்கு இறங்கும் கம்பியை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். அதையும் அவிழ்த்துத் தனி வழியில் விட்டோம். மோட்டார் கிளம்பும்போது அந்த ஒயரைச் சுற்றி எழும் மின்காந்தக் குலுக்கல், பக்கத்தில் ஓடும் மெல்லிய கம்பியில் போலித் துடிப்புகளை உண்டாக்கும். மோட்டாரின் 230 வோல்ட் பக்கத்தை மட்டும் நாங்கள் தொடவில்லை. அது எலக்ட்ரீஷியன் வேலை. படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது.

மூன்றாவது எண் 73. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பார்த்தால் நியாயமான தூரம்போலவே இருக்கிறது. எந்த நிரலும் இதைச் சந்தேகப்படாது. ஆனால் தண்ணீர் 82-இல் அசையாமல் கிடக்கும்போது ஒன்பது சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டுப் போகாது.

விடைக்கு வௌவாலிடம் போக வேண்டும். 1793-இல் இத்தாலியப் பாதிரியார் லாசரோ ஸ்பாலன்சானி, கண்ணை மறைத்தாலும் வௌவால்கள் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டார். ஜெனீவாவைச் சேர்ந்த லூயி ஜூரின் அவற்றின் காதை அடைத்தபோது அவை மோதி விழுந்தன. காதால் எப்படிப் பார்ப்பது என்பது அன்று யாருக்கும் விளங்கவில்லை. 1938-இல் ஹார்வர்டு மாணவரான டொனால்டு கிரிஃபின், இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் செய்த மீயொலிக் கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்த பிறகுதான், அவை நமக்குக் கேட்காத ஒலியில் ஓயாமல் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. எதிரொலியால் இடமறிதல் என்ற பொருளில் 'எக்கோலொகேஷன்' என்ற சொல்லை 1944-இல் கிரிஃபின் உருவாக்கினார்.

பெரும்பாலான வௌவால்கள் ஒரு கத்தலின் எதிரொலி வந்து சேர்ந்த பிறகே அடுத்த கத்தலை எழுப்புகின்றன. பூச்சியை நெருங்க நெருங்கக் கத்தல் வேகமாகிறது. கடைசிக் கணத்தில் நொடிக்கு 200 வரைகூடப் போகும். தூரம் குறைந்தால் எதிரொலியும் சீக்கிரம் வரும் என்பதால் அந்த வேகம் அதற்குக் கட்டுப்படியாகிறது. நம் நிரலுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு அளவீடு முடிந்ததும் 10 மில்லிசெகண்ட் மட்டும் நின்று அடுத்த ஒலியை வீசிக்கொண்டிருந்தது.

திறந்த வெளியில் அது பெரிய தவறாகத் தெரியாது. தொட்டியோ கோயில் பிராகாரம்போல எதிரொலிக்கும் இடம். கீழே தண்ணீர், மேலே மூடி. ஒலி இரண்டுக்கும் நடுவே மறுபடி மறுபடி மோதித் திரும்புகிறது. 82 சென்டிமீட்டருக்கு முதல் எதிரொலி 4.8 மில்லிசெகண்டில் வரும். அதே ஒலி மூடியில் பட்டு மறுபடி கீழே போய் வந்தால் இரண்டாவது 9.5-இல், மூன்றாவது 14.3-இல், நான்காவது 19-இல். நம் நிரல் முதல் எதிரொலியைக் கேட்டு, 10 மில்லிசெகண்ட் நின்று, 14.8-இல் அடுத்த ஒலியை அனுப்புகிறது. அதன் சொந்த எதிரொலி வருமுன் 19-இல் பழைய ஒலியின் நான்காவது எதிரொலி வந்து காதைத் தட்டுகிறது. 19-இல் 14.8 போனால் 4.2 மில்லிசெகண்ட். 58-ஆல் வகுத்துப் பாருங்கள், 72-க்கும் 73-க்கும் நடுவில் வந்து நிற்கும். நான்காவது எதிரொலி வலுவிழந்தது என்பதால் எப்போதும் கேட்பதில்லை. கேட்கும்போது 73 வருகிறது, கேட்காதபோது 82 வருகிறது.

இந்த சென்சாரின் தகவல் தாளிலேயே இரண்டு அளவீடுகளுக்கு இடையே 60 மில்லிசெகண்டுக்குமேல் விடச் சொல்லியிருக்கிறார்கள். 10 என்பதை 60 என்று மாற்றினோம். 73 போய்விட்டது. ஒரே அறையில் இரண்டு மூன்று சென்சார்களை வைத்து ரோபோ கார் செய்கிறவர்களுக்கும் இதே சிக்கல் வரும். ஒன்று வீசிய ஒலியை மற்றொன்று தனதென்று கேட்டுக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்காமல் முறைவைத்து ஒவ்வொன்றாக இயக்க வேண்டும்.

எதிரொலி ஏன் சில சமயம் வராமலே போகிறது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. மோட்டார் ஓடும்போது மட்டுமே 655 அதிகமாக வந்தது. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மில்லிமீட்டர். அமைதியான தண்ணீர் அதற்குக் கண்ணாடிபோல. ஒலியை நேரே திருப்பி அனுப்பும். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி மேற்பரப்பு அலையடிக்கும்போது, அந்தச் சரிவுகளில் பட்ட ஒலி பக்கவாட்டில் தெறித்துவிடுகிறது. சாய்ந்த சுவர், திரைச்சீலை, மெத்தை ஆகியவற்றை ரோபோ கார்கள் கவனிக்காமல் போய் முட்டுவதும் இதை ஒட்டிய காரணத்தால்தான். சாய்ந்த பரப்பு ஒலியை வேறு பக்கம் திருப்புகிறது, துணி அதை விழுங்கிவிடுகிறது. நாங்கள் சென்சாரைத் தண்ணீர் விழும் இடத்திலிருந்து தள்ளி, மூடியின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். 655 அறவே போகவில்லை, அபூர்வமாகிவிட்டது. அதற்குமேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் பையன் போன் செய்தான். "மாமா, மத்தியானம் வீட்ல யாருமே இல்ல. மோட்டார் போடல. ஆனா தண்ணி மூணு நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கு. ராத்திரி தானா இறங்கிடுது."

இது குதிக்கும் எண் அல்ல, மெல்ல நகரும் எண். குதித்தால் கம்பியையும் எதிரொலியையும் பார்க்கலாம். நகர்ந்தால் வெயிலைப் பார்க்க வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரியில் நொடிக்குச் சுமார் 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். 58 என்ற வகுஎண், நொடிக்கு 345 மீட்டர் என்ற வேகத்தை, அதாவது 22, 23 டிகிரி குளுமையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊர் மே மாத மொட்டை மாடியில் கறுப்புத் தொட்டிக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குப் போனால் வேகம் 358 மீட்டரைத் தாண்டும். ஒலி சீக்கிரம் திரும்பிவிடும், 82 சென்டிமீட்டர் 78, 79 என்று தெரியும். தண்ணீர் ஏறியதாகத் தோன்றும். அந்தத் தொட்டியின் அகலத்துக்கு மூன்று சென்டிமீட்டர் என்பது சுமார் 25 லிட்டர். மூங்கில் கழியை விட்டு அளந்து பார்த்தான், தண்ணீர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

டி.எஸ்.18பி20 என்ற வெப்ப சென்சாரைத் தண்ணீருக்குமேல் காற்றில் தொங்கவிட்டோம். 58-ஐ எடுத்துவிட்டு, வெப்பநிலையை 0.606-ஆல் பெருக்கி 331.3-ஐக் கூட்டி வேகத்தை எடுத்தோம். அந்த வேகத்தை மைக்ரோசெகண்டில் உள்ள நேரத்தோடு பெருக்கி 20,000-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும். மதியம் ஏறும் தண்ணீர் அன்றோடு நின்றது.

82-க்கும் 83-க்கும் இடையிலான சிறு ஊசலாட்டத்தை மட்டும் விட்டுவிட்டோம். எட்டு அலைகளில் காது எந்த அலையைப் பிடிக்கிறது என்பது எதிரொலியின் வலுவைப் பொறுத்தது. ஒரு அலை தள்ளிப் பிடித்தால் 25 மைக்ரோசெகண்ட், அதாவது அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு வரும். அது இந்தக் கருவியின் இயல்பு, கோளாறு அல்ல.

கடைசியாகத்தான் வடிகட்டியைப் போட்டோம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பலரும் முதல் நாளே பத்து அளவீடுகளின் சராசரியை எடுத்து எண்ணை மழுப்பிவிடுகிறார்கள். 82, 83, 82, 0, 83 என்ற ஐந்தின் சராசரி 66. ஒரு பொய் எண் நான்கு உண்மை எண்களையும் கெடுத்துவிடுகிறது. அதே ஐந்தை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 82. இடைநிலை எனப்படும் இந்த முறையே இந்த வேலைக்குச் சரி. ஆனால் அதையும் கம்பியைச் சரிசெய்த பிறகுதான் போட வேண்டும். முன்பே போட்டிருந்தால் பச்சை பூத்த அந்த எக்கோ கம்பி எங்கள் கண்ணில் பட்டே இருக்காது. ஒரு நாள் முழுதாக அறுந்த பிறகுதான் தெரிந்திருக்கும், அதுவும் குழாயில் காற்று வந்த காலையில்.

ஊனோவுக்குப் பதில் இ.எஸ்.பி.32 பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை, சென்சாரின் எக்கோ முனையோ 5 வோல்ட் தரும். எக்கோ கம்பிக்கு 1 கிலோஓம் ரெசிஸ்டரும், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் ரெசிஸ்டரும் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து பலகைக்கு எடுத்தால் 3.3 வோல்ட்தான் போகும். நீர் புகாத ஒற்றை முக சென்சார் வாங்குகிறவர்கள், அதற்கு முன்னால் சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை குருட்டுப் பகுதி இருப்பதை மறக்கக்கூடாது. வாயும் காதும் ஒன்றே என்பதால், தன் சொந்த ஒலியின் அதிர்வு அடங்கும்வரை அதற்கு எதுவும் கேட்காது. தொட்டி நிரம்பும் நேரத்தில் தண்ணீர் அந்தப் பகுதிக்குள் வந்துவிடாதபடி சென்சாரை உயர்த்திப் பொருத்துங்கள்.

அந்த சென்சாரை நாங்கள் மாற்றவே இல்லை. −474 என்று காட்டிய அதே சென்சார்தான் இன்றும் அந்த மூடியில் இருக்கிறது. உங்கள் பலகையும் இப்படிப் பிதற்றினால், கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து நூறு எண்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மணி என்ன, மோட்டார் ஓடியதா, வெயில் அடித்ததா, திரை ஒரு நொடி நின்றதா என்று குறியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், வகுத்தல் கணக்கை அந்தப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள்.